பலகையில் இருந்த பெயர்

செப்டம்பர் 26, வெள்ளி

இந்த டைரி மைதா கம்பெனிக்காரர்கள் பொங்கலுக்குக் கொடுத்தது. ஒன்பது மாதமாகக் கல்லாவுக்கு அடியில் மாவு பூசிக்கொண்டு கிடந்ததை இன்றைக்குத்தான் தட்டி எடுத்தேன். பத்தாவது பரீட்சையோடு எனக்கும் பேனாவுக்கும் இருந்த சங்காத்தம் முடிந்துவிட்டது. இப்போது மாநகராட்சிக்காரர்கள் மறுபடியும் பிடிக்க வைத்துவிட்டார்கள்.

காலையில் வார்டு ஆபீசில் கூட்டம். மில் ரோட்டில் உள்ள பேக்கரி, டீக்கடை, சலூன், மெஸ் எல்லாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். சுகாதார ஆய்வாளர் கதிரேசன் என்று ஒருவர், ஒல்லியான ஆள், கழுத்துப் பட்டன்கூடப் போட்டிருந்தார். காந்தி ஜெயந்தியிலிருந்து கூரைக்குக் கீழே யாரும் புகை பிடிக்கக் கூடாது என்றார். பிடித்தால் பிடித்தவனுக்கும் அபராதம், இடம் கொடுத்த கடைக்காரனுக்கும் அபராதம். ஆஷ்ட்ரே கூடாது, தீப்பெட்டி நீட்டக் கூடாது, வாசலில் பீடி பற்ற வைக்கிற நெருப்புக் கயிறு தொங்கக் கூடாது. இரண்டடிக்கு ஓரடி பலகை வைத்து, யாராவது மீறினால் யாரிடம் புகார் சொல்வது என்று ஒரு பெயரும் எழுத வேண்டும்.

சலூன்காரர் எழுந்து, சாயங்காலம் சாம்பிராணி போடலாமா, அதற்கும் அபராதமா என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. கதிரேசன் சிரிக்காமல், தாராளமாகப் போடுங்கள் என்றார். இந்த ஆள் சிரிக்க மாட்டார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

என்றைக்குப் பலகை வைத்தீர்கள், என்றைக்குக் கயிற்றை எடுத்தீர்கள் என்று தேதி போட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு ஏதாவது கேள்வி வந்தால் அதுவே சாட்சி என்றும் சொன்னார். அதனால்தான் இந்த டைரி.

பெயர் நாச்சிமுத்து. வயது ஐம்பத்து மூன்று. இருபத்திரண்டு வருஷமாக பேக்கரி நடத்துகிறேன், பீடி சிகரெட்டும் விற்கிறேன். ஒரு நாளும் ஒன்றை வாயில் வைத்ததில்லை. இதையும் சாட்சிக்காகவே எழுதுகிறேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

பெயிண்டர் வந்து பலகை எழுதினார். வெள்ளையில் கறுப்பு. ‘இங்கு புகை பிடிப்பது குற்றம்.’ அதற்குக் கீழே, ‘புகார் செய்ய அணுகவும்: நா. சுலோச்சனா, உரிமையாளர்.’ பக்கத்தில் போன் நம்பர்.

சுலோச்சனா என் மனைவி. பெண்களுக்கான திட்டத்தில் கடன் சுலபமாகக் கிடைத்ததால் கடை லைசென்ஸ் அவள் பெயரில். போனும் அவள் பெயரில் வாங்கியதுதான், ஆனால் என் சட்டைப் பையில்தான் இருக்கும். அவளுக்கு யார் போன் பண்ணப் போகிறார்கள்?

அவள் உள்ளேயிருந்து மாவுக் கையோடு வந்து பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “எம் பேர இத்தாப் பெருசா எங்கியும் எழுதுனதில்லீங்க” என்றாள். இனிமேல் உன்னைப் பார்த்துத்தான் ஊரே பயப்படும் என்று கேலி செய்தேன். சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

பழைய இருமல்தான். கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் நூல் மில்லில் இருந்தாள். பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்துவிட்டது. மழைக் காலத்தில் கொஞ்சம் கூடும், அப்புறம் தானாக அடங்கும்.

அக்டோபர் 2, வியாழன்

கயிற்றை எடுத்துவிட்டேன். ஆஷ்ட்ரே நான்கையும் கழுவிப் பரண் மேல் போட்டாயிற்று. சாட்சிக்காக எழுதுகிறேன்: காலை ஐந்தரை மணி.

கடை திறந்தால் சாமி படத்துக்கு ஊதுபத்தி வைப்பதற்கு முன்னால் அந்தக் கயிற்றைத்தான் பற்ற வைப்பேன். வாசல் தூணில் பாம்பு மாதிரி தொங்கிக்கொண்டு நுனி மட்டும் கனிந்துகொண்டிருக்கும். இன்று வந்தவர்கள் எல்லாரும் பழக்கத்தில் தூணுக்குப் போய்க் குனிந்துவிட்டு, ஒன்றும் இல்லாமல் நிமிர்ந்தார்கள். ஜெராக்ஸ் கடை பெனடிக்ட் அதைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு எல்லாரும் தூணைக் கும்பிடுகிறார்கள் என்றான்.

பெனடிக்ட் கடை எங்கள் பக்கத்துச் சந்துக்கு அந்தப் பக்கம். பதினைந்து வருஷப் பழக்கம். என் மகள் மேனகா கல்யாணத்துக்குப் பத்திரிகை வாசகத்தை உட்கார்ந்து டைப் அடித்துக் கொடுத்தவன். அவனுக்குப் புகை ஆகாது, ஆனால் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டான். கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு டீயை வாங்கிப் போவான்.

அக்டோபர் 6, திங்கள்

புகை பிடிக்கிறவர்கள் ரோட்டில் நின்று பிடிக்கிறார்கள். நம் ரோடு நிற்கிற ரோடா? பஞ்சு லோடு லாரி ஒன்று ஒருவர் கையிலிருந்த டம்ளரைத் தட்டிக்கொண்டு போனது. டிராஃபிக் போலீஸ் வந்து, கடை முன்னால் கூட்டம் சேர்க்காதே என்று என்னைத்தான் சத்தம் போட்டார். சாயங்காலம் மழை வேறு.

பாதிப் பேர் வரவில்லை. நம் ஊரில் ஆண்பிள்ளைகள் டீக்காக பேக்கரிக்கு வருகிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். சிகரெட்டுக்குத் துணைக்குத்தான் டீ.

அக்டோபர் 8, புதன், ஆயுத பூஜை

உள் ரூமைச் சுத்தம் செய்தோம். கடைக்குப் பின்னால் உள்ள அறை அது. அடுப்பு, மாவு மூட்டைகள், சுலோச்சனா உட்கார்ந்து பஃப்ஸ் மடிக்கிற மேஜை எல்லாம் அங்கேதான். சந்துப் பக்கம் ஒரு கதவு. கதவுக்கு மேலே புகை போவதற்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். வேறு ஜன்னல் கிடையாது.

அடுப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி படைத்துக் கும்பிட்டோம். காலி டின்களையெல்லாம் எடுத்துப் போட்ட பிறகு பார்த்தால், இரண்டு பெஞ்சு போடுகிற அளவுக்கு இடம் இருக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

பெஞ்சு போட்டாயிற்று. உள் ரூம் வாசலுக்கு மைதாச் சாக்கைத் தைத்துத் திரை. கயிற்றை உள்ளே ஆணியில் மாட்டிவிட்டேன். தெரிந்தவர்களுக்கு மட்டும் கண்ணைக் காட்டினால் போதும், டம்ளரோடு உள்ளே போய்விடுகிறார்கள். முன்னால் பார்த்தால் கடை கோயில் மாதிரி இருக்கிறது. வாசலில் பலகை, உள்ளே ஒரு பொட்டுப் புகை இல்லை.

சுலோச்சனா, தான் எங்கே போய் மடிப்பது என்று கேட்டாள். இங்கேயே மடி, எல்லாரும் தெரிந்த ஆட்கள்தானே, உன்னை என்ன செய்துவிடப் போகிறார்கள் என்றேன். அவள் கேட்டது ஆட்களைப் பற்றி இல்லை, புகையைப் பற்றி என்று எனக்குத் தெரியும். ஆனால் அடுப்பையும் மேஜையையும் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்?

அக்டோபர் 15, புதன்

கடை களை கட்டிவிட்டது. மற்ற பேக்கரிகளில் இடம் இல்லை என்றதும் இரண்டு தெரு தள்ளியிருந்தெல்லாம் வருகிறார்கள். லாரி புக்கிங் ஆபீஸ் ரங்கநாதன், அண்ணன் மூளையே மூளை என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பெருமையாகத்தான் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

சுலோச்சனா முக்காலியைக் கதவுப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். மதியம் நான் போனபோது கதவைத் திறந்து வைத்திருந்தாள். “கண்ணு எரியுதுங்க. இதையாவது தொறந்து வெச்சுக்கறனே” என்றாள். சந்தில் ஆள் போய் வருவார்கள், பார்த்தால் வம்பு என்று சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். கோபமாக எல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன்.

அக்டோபர் 18, சனி

பெனடிக்ட் காலையில் டீ குடிக்கும்போது, உங்கள் ஃபேன் வழியாக வருகிற புகையைப் பார்த்தால் மூடின மில்லை மறுபடியும் திறந்துவிட்டார்களோ என்று இருக்கிறது என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் ஜன்னலுக்கு நேர் எதிரே நம் ஃபேன். ரோட்டு முனையில் நின்றாலும் புகை தெரிகிறது என்றான்.

மதியம் ஃபேன் ரிப்பேர் ஆகிவிட்டது. சுலோச்சனாவிடம் சொல்லிவிட்டேன். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். இப்போது இருக்கிற கரண்ட் கட்டுக்கு ஃபேன் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

மைதாச் சாக்கு ஒன்று குறைகிறது, திரைக்குத் தைத்தது போக மீதி இருந்தது.

அக்டோபர் 21, செவ்வாய்

பஃப்ஸ் நல்ல ஓட்டம். ரேஷனுக்குப் போகிறேன் என்று போன சுலோச்சனா மூன்று மணி நேரம் கழித்து வெறும் பையோடு வந்தாள், சாயங்கால போண்டா தாமதம், திட்டினேன்.

அக்டோபர் 24, வெள்ளி

கதிரேசன் வந்துவிட்டார். பலகையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கடைக்குள் வந்தவர் நேராகப் போய்த் திரையைத் தூக்கினார். உள்ளே ஒன்பது பேர்.

ஒவ்வொருவர் பெயரையும் எழுதினார். அபராதச் சீட்டை உரிமையாளர் பெயரில் எழுதி, உரிமையாளர் யார் என்று கேட்டார். சுலோச்சனா மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. என் பெண்டாட்டியை ஒன்பது ஆண்பிள்ளைகள் முன்னால் குற்றவாளி மாதிரி நிற்க வைத்துவிட்டார்களே என்று ஆத்திரம்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொல்லாமல் ஒரு மனுஷன் நேராகத் திரையைத் தூக்க மாட்டான்.

அக்டோபர் 27, திங்கள், தீபாவளி

மேனகாவும் மாப்பிள்ளையும் தாராபுரத்திலிருந்து வந்திருந்தார்கள். தெரு முழுக்கப் பட்டாசுப் புகை. சுலோச்சனாவுக்கு இருமல் நிற்கவே இல்லை. மேனகா, அம்மா ஏன் இப்படி இளைத்துப் போயிருக்கிறாள் என்று கேட்டாள். பட்டாசுதான் காரணம் என்றேன். இளைத்ததற்குமா என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்தாள். மாப்பிள்ளைக்குப் பலகாரம் எடுத்து வைக்கப் போய்விட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

யார் என்று தெரிந்துவிட்டது. அதாவது, வேறு யாராக இருக்க முடியும்? புகை ஆகாதவன் யார்? எதிர் ஜன்னல் யாருடையது? ஃபேனைப் பற்றிப் பேசியவன் யார்?

பெனடிக்ட் டீக்கு வந்தபோது எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். “ஏண்டா, பதினஞ்சு வருசம் எங்கடையில டீ குடிச்சுப்போட்டு எங்கூட்டுக்கே கொள்ளி வெக்கறயா?” என்றேன். இன்னும் பேசினேன். அவன் அப்பா வரைக்கும் இழுத்தேன். அதையெல்லாம் இங்கே எழுத வேண்டாம்.

அவன் மறுக்கவில்லை. அதுதான் ஆச்சரியம். டம்ளரை வைத்துவிட்டு, திரைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, “நீங்க எதோ கோவத்துல இருக்கீங்ணா” என்று சொல்லிப் போய்விட்டான். சுலோச்சனா திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போய் வேலையைப் பார் என்றேன்.

நவம்பர் 4, செவ்வாய்

ஜெராக்ஸ் கடைக்கு டீ அனுப்பவில்லை.

நவம்பர் 8, சனி

கல்லாவுக்குக் கீழே ஒரு காலிங் பெல் சுவிட்சு வைத்திருக்கிறேன். கதிரேசன் தலை தெரிந்தால் ஒரு அமுக்கு. உள்ளே மணி அடித்ததும் எல்லாரும் அணைத்துவிட்டு டீயை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். துண்டுகளைப் பொறுக்கித் தண்ணீர் வாளியில் போடுவது சுலோச்சனா பொறுப்பு. இரண்டு தடவை ஒத்திகை பார்த்தோம். இரண்டாவது தடவை குனிந்தவளால் நிமிர முடியவில்லை, மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். ரங்கநாதன்தான் எழுந்து தூக்கிவிட்டார்.

நவம்பர் 12, புதன்

போனில் ஒரு பெண். பலகையைப் பார்த்துக் கூப்பிட்டாளாம். பையனுக்குக் கேக் வாங்க வந்தோம், திரைக்குப் பின்னாலிருந்து ஒரே புகை, சுலோச்சனா அம்மா இருக்கிறார்களா என்றாள். நான் அவள் வீட்டுக்காரர்தான், சொல்லிவிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். சொல்ல மறந்துவிட்டது.

நவம்பர் 19, புதன்

மறுபடியும் வந்துவிட்டார். நான் கல்லாவில் கையை பெல் மேலேயே வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன், அவர் சந்துக் கதவு வழியாக உள்ளே வந்து நிற்கிறார். தாழ்ப்பாள் நான் காலையில் போட்டதுதான். எப்படித் திறந்தது என்று தெரியவில்லை. துருப்பிடித்த தாழ்ப்பாள், ஆட்டத்தில் நழுவியிருக்கும். மாற்ற வேண்டும்.

சுலோச்சனா நிமிராமல் மடித்துக்கொண்டே இருந்தாள். சீட்டை நீட்டியதும் கையெழுத்துப் போட்டாள். கதிரேசன் போகிற போது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா என்று அவளிடம் சொன்னார். அபராதமும் போட்டுவிட்டுக் கரிசனம் வேறு.

நவம்பர் 29, சனி

பகல் பதினொன்றரைக்கு மேஜையிலேயே சாய்ந்துவிட்டாள். உதடு நீலமாக இருந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். முகத்தில் மாஸ்க் வைத்திருக்கிறார்கள். கைவிரல் நகத்திலெல்லாம் மாவு. நர்சு கழுவிவிட்டாள்.

பயமாக இருக்கிறது.

டிசம்பர் 2, செவ்வாய்

டாக்டர் சின்ன வயசுப் பெண். வீட்டில் யார் புகை பிடிக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை, நான் தொட்டதே கிடையாது என்றேன். உண்மைதானே. வேலை செய்கிற இடத்தில் புகை உண்டா என்றார். மில்லில் எட்டு வருஷம் இருந்தாள், பஞ்சுத் தூசி என்று சொன்னேன். எழுதிக்கொண்டார். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் விட்ட மில் இப்போது ஏன் இத்தனை வேகமாக மூச்சை இழுக்கிறது என்று தனக்குத் தானே சொல்வது போலச் சொன்னார்.

மற்றபடி டாக்டர்கள் எப்போதும் சொல்கிறதைத்தான் சொன்னார்.

சுலோச்சனா கட்டிலில் படுத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. உறிஞ்சுகிற மருந்து கொடுத்திருக்கிறார்கள். மேனகா தன்னோடு தாராபுரத்துக்கு அனுப்பு என்றாள். கிறிஸ்துமஸ், புது வருஷம் கேக் ஆர்டர் முடியட்டும், அனுப்புகிறேன் என்றேன்.

டிசம்பர் 11, வியாழன்

உட்கார்ந்த வேலைதானே என்று இரண்டு மணி நேரம் வந்து மடித்தாள். அவள் மடித்தால்தான் பஃப்ஸ் ஓரம் பிரியாது. நான் வரச் சொல்லவில்லை, ஆள் இல்லை என்று மட்டும் சொன்னேன். இருக்கிறவர்களிடம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பிடியுங்கள் என்று நானே சொல்லி வைத்தேன். அந்த அறையில் எங்கே தள்ளி உட்காருவது என்று ரங்கநாதன் கேட்டார்.

டிசம்பர் 17, புதன்

இன்று நாள் முழுக்க வந்தாள்.

டிசம்பர் 23, செவ்வாய்

மறுபடியும் ஆஸ்பத்திரி.

டிசம்பர் 26, வெள்ளி

மாஸ்கைக் கொஞ்சம் விலக்கி ஏதோ கேட்டாள். குனிந்து காதைக் கொடுத்தேன். “அந்த ஃபேனுக்கு மெக்கானிக் வந்தானுங்களா?” என்றாள்.

இன்னும் வரவில்லை என்றேன்.

“வந்தா நல்லாருக்கும்ங்க” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கட்டும் என்று வெளியே வந்துவிட்டேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

பகல் ஒன்றே கால். போய்விட்டாள்.

ஜனவரி 9, வெள்ளி

டைரியில் டிசம்பரோடு பக்கம் முடிந்துவிட்டது. முன்னால் எழுதாமல் விட்ட போன ஜனவரிப் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. கிழமையை மட்டும் அடித்துவிட்டு எழுதுகிறேன்.

காரியம் முடிந்து நேற்றுத்தான் கடை திறந்தேன். இன்று தபாலில் மாநகராட்சி நோட்டீஸ். திருமதி நா. சுலோச்சனா, உரிமையாளர். இரண்டு முறை அபராதம் விதித்தும் மீறல் தொடர்ந்தது பற்றித் திங்கட்கிழமை நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். வராவிட்டால் லைசென்ஸ் ரத்து செய்யப் பரிந்துரைக்கப்படும்.

வாசலில் உட்கார்ந்து நாலைந்து தடவை படித்தேன். செத்தவளை விளக்கம் சொல்லக் கூப்பிடுகிறார்கள்.

ஜனவரி 12, திங்கள்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வார்டு ஆபீசுக்குப் போனேன். அது இரண்டாவது மாடி. கதிரேசன் சான்றிதழை வாங்கிப் படித்துவிட்டு எழுந்து நின்றார். எனக்கு நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. போகிறவள் போய்விட்டாள், இப்போதாவது சொல்லுங்கள், அந்த ஜெராக்ஸ்காரன்தானே புகார் கொடுத்தது என்று கேட்டேன்.

அவர் பீரோவிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துப் பிரித்து மேலே இருந்த தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். டைப் அடித்த தாள். கீழே கையெழுத்து. அபராதச் சீட்டுகளில் பார்த்த அதே கையெழுத்து. அக்டோபர் 21.

அப்படியே எழுதி வந்திருக்கிறேன்:

‘ஐயா, மேற்படி பேக்கரி என் பெயரில் உள்ளது. கடையின் உள் ரூமில் பீடி சிகரெட் பிடிக்க இடம் கொடுத்துள்ளது. நான் அந்த ரூமில்தான் காலை முதல் வேலை செய்கிறேன். எனக்கு மூச்சு வாங்குகிறது. சந்துக் கதவைத் திறக்க முடியவில்லை. ஃபேனையும் சாக்கு வைத்து அடைத்துள்ளது. ரிப்பேர் என்று சொல்லியுள்ளது. ரிப்பேர் இல்லை. தயவுசெய்து வந்து நிறுத்தித் தரவும். அபராதம் என் பெயரிலேயே போடவும். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அவரைத் திட்ட வேண்டாம். நான் எழுதிக் கொடுத்தது அவருக்குத் தெரிய வேண்டாம்.’

கடைக்காரியே தன் கடை மேல் எழுதிக் கொடுப்பாளா என்று கேட்டேன்.

கதிரேசன் மெதுவாகத்தான் சொன்னார். “புகார் யார்கிட்டச் சொல்லோணும்னு போர்டுல அவங்க பேரத்தானுங்க போட்டிருக்கீங்க. அவங்க யார்கிட்டப் போய்ச் சொல்லுவாங்க? இங்க வந்தாங்க. மாடி ஏற முடியாமக் கீழ படியிலயே உக்காந்துட்டாங்க. நான்தான் எறங்கிப் போய் வாங்கிட்டு வந்தேன்.”

நானும் படியில் இறங்கினேன். கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நேரம் என்று தெரியாது.

முதலில் அவள் மேல்தான் கோபம் வந்தது. வெட்கக்கேடு, ஆனால் எழுதத்தான் வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. சொன்னாள். கண் எரிகிறது என்றாள். கதவைத் திறந்துகொள்கிறேன் என்றாள். சாகக் கிடக்கும்போதுகூட, பொய் என்று தெரிந்தே ஃபேனைப் பற்றிக் கேட்டாள். நானாக வாயைத் திறந்து உண்மையைச் சொல்லட்டும் என்று அந்த மூச்சிலும் எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். நான் மெக்கானிக் வரவில்லை என்றேன்.

கடைக்கு வந்ததும் டைரியில் அக்டோபர் 21 பக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். மூன்று பஸ் நிறுத்தம் தாண்டிப் போய், படியில் உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்கத் திரும்பி வந்த அன்றைக்கு நான் பஃப்ஸ் நல்ல ஓட்டம் என்று எழுதியிருக்கிறேன். திட்டினேன் என்றும் எழுதியிருக்கிறேன். அவள் அதற்குப் பிறகு போய் போண்டாவுக்கு மாவு கரைத்தாள்.

பெனடிக்ட் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து மிஷினை நிறுத்தினான். நீதான் டைப் அடித்தாயா என்று கேட்டேன்.

“அடிச்சது நானுங்ணா. சொன்னது பூரா அவிங்க. ‘கெட்டவர் இல்லை’ங்கற வரிய நான் வேண்டாம்னேன். அது இல்லாட்டிக் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க.”

அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் நான் வாய்க்கு வந்தபடி பேசினேனே, அப்போது ஏன் சொல்லவில்லை என்றேன். சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தானாம். அவன் அப்பாவைப் பற்றிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 13, செவ்வாய்

தெருவில் எல்லா வீட்டிலும் காப்புக் கட்டுகிறார்கள். வேப்பிலையும் பூளைப்பூவும் விற்றுக்கொண்டு போனார்கள். எங்களுக்கு இந்த வருஷம் பொங்கல் இல்லை.

காலையில் ரங்கநாதன் டம்ளரோடு வழக்கம் போலத் திரையைத் தூக்கினார். உள்ளே பெஞ்சு இல்லை, கயிறு இல்லை. என்ன அண்ணா, இனிமேல் யார் கேட்கப் போகிறார்கள் என்றார். வெளியே போங்க என்றேன். அவர் நான் கேலி செய்வதாக நினைத்துச் சிரித்தார். இரண்டாவது தடவை சொன்னதும் போய்விட்டார். திரையைப் பிய்த்து எடுத்தேன்.

பெயிண்டர் வந்து, பலகையில் அம்மா பெயரை அழித்துவிட்டு யார் பெயர் எழுதட்டும் என்று கேட்டார். என் பெயரை எழுதச் சொன்னேன். அவள் பெயரை அழிக்க வேண்டாம், வேறு பலகையில் எழுதுங்கள் என்றேன். பழைய பலகையை வீட்டுக்கு எடுத்துப் போகிறேன்.

சாட்சிக்காக ஆரம்பித்த டைரி இது. அக்டோபர் 18ஆம் தேதியில் ஃபேன் ரிப்பேர் என்று எழுதியது பொய். அந்த வரியை அடித்துவிட்டேன். ஃபேனின் இறக்கைக்கும் சுவருக்கும் நடுவில் மைதாச் சாக்கைச் சுருட்டி அடைத்தவன் நான். வயரைப் பிடுங்கிவிட்டவனும் நான்தான். அவள் முக்காலியில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். முக்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போடு என்று அவளிடமே சொல்லி, அதன் மேல் ஏறி நின்றுதான் அடைத்தேன்.

மதியம் அதே முக்காலியைப் போட்டு ஏறினேன். சாக்கு கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தது. உருவி எடுத்தேன். வயரை மாட்டிவிட்டு இறங்கிச் சுவிட்சைப் போட்டேன்.

உடனே ஓடியது. ஒரு ரிப்பேரும் இல்லை.